மீராவுக்கு நடுவில் வைக்கும் பெயர்

வள்ளி, இந்தக் கடிதத்தை நீ ஒரே மூச்சில் படித்துவிட மாட்டாய் என்று எனக்குத் தெரியும். தமிழை நீ எழுத்துக்கூட்டித்தான் படிப்பாய். பரவாயில்லை, மெதுவாகவே படி. ஏதாவது ஓர் எழுத்து புரியாவிட்டால் என்னிடம் கேள். வழக்கம்போல அப்பாவுக்குப் போன் போடாதே. அந்த எழுத்தையெல்லாம் உனக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். வாய்ஸ் மெசேஜில் சொல்லியிருக்கலாமே என்பாய். தேவ்நாரில் நம் வீட்டில் இருப்பது ஓர் அறையும் ஒரு சமையலறையும். எங்கே நின்று பேசினாலும், பாதியில் உள்ளே வருகிற உன் அப்பா காதில் விழும். இப்போது அவர் கீழே சொசைட்டி கேட்டில் நின்றுகொண்டு, பேத்திக்கு என்ன பெயர் வைக்கப்போகிறார்கள் என்று யாரையோ பிடித்து வைத்துச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவர் மேலே ஏறி வருவதற்குள் இதை எழுத வேண்டும். முடித்ததும் ஒவ்வொரு பக்கமாகப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்புவேன்.

பதினோரு நாளைக்கு முன்னால் நீ டொராண்டோவிலிருந்து வீடியோ காலில் வந்தாய். மடியில் குழந்தை. உன் முகம் முழுக்கச் சிரிப்பு. "அம்மா, பேரு முடிவு பண்ணியாச்சு. மீரா. நிகில் வீட்டுல எப்பவும் நடுவுல அப்பா பேருதான வைப்பாங்க? ஆனா நிகிலே சொல்லிட்டான்மா, இந்தப் பிள்ளைக்கு நடுவுல உன் பேரு இருக்கட்டும்னு. இங்க நெறைய பேரு அம்மாவோட மெய்டன் நேமைத்தான் மிடில் நேமா வைக்காங்க" என்றாய். எனக்கு வயிறு குளிர்ந்தது. மராட்டி வீட்டு மாப்பிள்ளை இப்படி ஒரு வார்த்தை சொன்னானே என்று நிகிலை மனதுக்குள் வாழ்த்தினேன். அடுத்த நிமிடமே நீ முழுப்பெயரையும் வாசித்துக் காட்டினாய். முதலில் மீரா. கடைசியில் நிகில் வீட்டுப் பெயரான கதம். நடுவில் உன் அப்பா பெயர். அப்போதுதான் எனக்கு உறைத்தது. மெய்டன் நேம் என்றால் கல்யாணத்துக்கு முந்தைய கடைசிப் பெயர், உனக்கு அது உன் அப்பா பெயர்தானே? பக்கத்தில் உட்கார்ந்திருந்த உன் அப்பா என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டார். அவருக்குக் கண்ணீரே வந்துவிட்டது. நான் "நல்லது" என்று சொல்லிவிட்டு, அடுப்பில் பால் பொங்குகிறது என்று எழுந்து போனேன். அடுப்பில் பாலும் இல்லை, ஒன்றும் இல்லை.

அன்றிலிருந்து நீ கேட்டதற்கெல்லாம் நான் ஒற்றை வார்த்தையில் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நேற்று நீ "அம்மா, கோவமா?" என்று எழுதியிருந்தாய். கோபமில்லை. பொறாமை. இந்த வயதில் இதை எழுதுவதற்கு எனக்கு வெட்கமாக இல்லை, அதுதான் எனக்கே ஆச்சரியம். உன் அப்பா மேல் எனக்குப் பொறாமை. பிள்ளை பெற்ற மகளிடம் சொல்லக்கூடிய விஷயமா இது என்று நினைக்காதே. உன்னைத் தவிர வேறு யாரிடமும் இதைச் சொல்ல முடியாது. நீ பெயரைப் பதிவு செய்ய இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது என்றாய். பதிந்த பிறகு புலம்பி என்ன பிரயோஜனம்? அதனால் இப்போதே சொல்கிறேன்.

முதலில் நிகிலுக்கு ஒன்றை நீ விளக்கிச் சொல்ல வேண்டும். நான் இதுவரை உன் அப்பா பெயரை வாயால் சொன்னதில்லை. கல்யாணமாகி முப்பத்திரண்டு வருஷத்தில் ஒரு தடவைகூட இல்லை. புருஷன் பெயரைச் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று சொல்லித்தான் என்னை அனுப்பினார்கள். அதை நான் முழுக்க நம்பினேன் என்றும் சொல்ல முடியாது, நம்பவில்லை என்றும் சொல்ல முடியாது. எதற்கு வம்பு என்று சொல்லாமலே இருந்துவிட்டேன். அவருக்கு வைத்திருப்பதோ குலசாமி பெயர். சாமியைப் பெயர் சொல்லிக் கும்பிடக்கூட எனக்கு வழியில்லை. "அப்பனே" என்று மொட்டையாகக் கூப்பிட்டுத்தான் வேண்டிக்கொள்கிறேன். யாரைக் கூப்பிடுகிறேன் என்று சாமிக்குத் தெரியும் என்ற நம்பிக்கைதான். இந்தக் கடிதத்திலும் அந்தப் பெயரை எழுதக் கை வரவில்லை, பார்.

நீ பள்ளிக்கூடத்தில் சேர்ந்த நாள் உனக்கு ஞாபகம் இருக்காது. அப்போது நாம் மாட்டுங்கா லேபர் கேம்பில் இருந்தோம். உன் அப்பா தாராவியில் தோல் பை தைக்கிற பட்டறையில் வேலை பார்த்தார். அன்றைக்கு ஒரு பெரிய ஆர்டர், லீவு கிடைக்கவில்லை. நான்தான் உன்னைக் கூட்டிக்கொண்டு போனேன். ஜூன் மாத மழை. குடை ஒன்றுதான், நீ நனையாமல் நான் நனைந்தேன். கவுன்ட்டரில் இருந்த கிளார்க், "பாளாச்ச நாவ்?" என்று மராட்டியில் பிள்ளை பெயரைக் கேட்டார். வள்ளி என்றேன். அடுத்து "வடிலாஞ்ச நாவ்?" என்றார். அப்பா பெயரைக் கேட்கிறார் என்று புரிந்தது. ஆனால் வாய் திறக்கவில்லை. உன் தோளைத் தட்டி, "பாப்பா, அப்பா பேரு சொல்லு" என்றேன். நீ கணீரென்று சொன்னாய். கிளார்க் எழுதிக்கொண்டார். அடுத்து "ஆட்நாவ்?" என்றார். எனக்கு அந்த வார்த்தை தெரியாது. முழித்தேன். எனக்குப் பின்னால் லைன் வாசல் வரைக்கும் நின்றது. "சர்நேம், சர்நேம்! ஜல்தி போலோ" என்று அதட்டினார். நமக்கு ஏது சர்நேம்? ஊர்ப்பக்கத்தில் அப்பா பெயரை முன்னால் ஓர் எழுத்தாக வைத்துக்கொண்டு காலத்தை ஓட்டிவிடுவோம். இன்னும் எதையோ கேட்கிறாரே என்ற பதற்றத்தில் மறுபடியும் உன் தோளைத் தட்டினேன். முதல் தடவை சரியாகக் கேட்கவில்லையோ என்று நினைத்து, நீ இன்னும் சத்தமாக அதே பெயரைச் சொன்னாய். அவர் தலையை ஆட்டிக்கொண்டு அதையும் எழுதிவிட்டார்.

அப்படித்தான் உன் பெயருக்குப் பின்னால் உன் அப்பா இரண்டு தடவை வந்து உட்கார்ந்தார். நடுவில் ஒரு தடவை, கடைசியில் ஒரு தடவை. டீச்சர் அட்டெண்டன்ஸ் எடுக்கும்போதெல்லாம் வகுப்பே சிரிக்கும் என்று அழுதுகொண்டு வருவாய். பிள்ளைகள் உனக்கு டபுள் டெக்கர் என்று பெயர் வைத்தார்கள். மாற்றிவிடலாமா என்று கேட்டதற்கு உன் அப்பா, "இருக்கட்டும் புள்ள, ரெண்டு தடவ சொன்னா நல்லா மனசுல பதியும்லா" என்று சிரித்தார். அவருக்கு உள்ளூரப் பெருமை. பாஸ்போர்ட்டிலும் அதுவே நின்றது. இன்றைக்கு நீ மெய்டன் நேம் என்று எதைச் சொல்கிறாயோ, அது நான் ஒரு பெயரைச் சொல்ல மாட்டேன் என்று நின்றதால் வந்த பெயர். பொறாமைப்பட வேண்டியவளே அதற்கு வழியும் செய்து கொடுத்திருக்கிறாள். இதை நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது, ஆனால் ரொம்ப நேரம் நிற்பதில்லை.

அதே கவுன்ட்டரில் இன்னொன்றும் நடந்தது. அதை உன்னிடம் நான் சொன்னதே இல்லை. அந்த ஃபாரத்தில் அம்மா பெயருக்கும் ஒரு கட்டம் இருந்தது. பதில் சொல்கிற ஆள் நீதான் என்று கிளார்க் அதற்குள் முடிவு செய்துவிட்டார். உன்னையே பார்த்து "ஆயீச்ச நாவ்?" என்றார். நீ என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு "அம்மா" என்றாய். அவர் சிரித்துக்கொண்டே, "அம்மா தோ டீக் ஹை, நாம் க்யா ஹை?" என்றார். "அம்மாதான்" என்றாய். லைனில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு என் பெயரை நானே சொன்னேன். என் வாயில் என் பெயர் வந்து அத்தனை நாளாகியிருந்ததால் சத்தமே எழும்பவில்லை. அவர் இரண்டு தடவை கேட்டுத்தான் எழுதினார். வழியெல்லாம் நீ துள்ளிக்கொண்டு வந்தாய். அப்பா பெயர் உனக்குத் தலைகீழாகத் தெரியும், என் பெயர் தெரியவே தெரியாது என்பது மட்டும் எனக்கு வீடு வரைக்கும் உறுத்திக்கொண்டே வந்தது.

யார் தப்பு என்று பார்த்தால் என் தப்புதான். லேபர் கேம்ப் சந்துகளில் பிள்ளை தொலைந்துபோனால் என்ன செய்வது என்று பயந்து, அப்பா பெயரையும் வீட்டு அடையாளத்தையும் உனக்குப் பாடம் பண்ணியவள் நான். அதிலும் ஒரு கூத்து. அந்தப் பெயரை நான் சொல்லிக்கொடுக்க முடியாதே! பக்கத்து வீட்டுச் சந்திரா அக்காவிடம் உன்னைத் தூக்கிக்கொண்டு போய், "எக்கா, இவளுக்கு அவுக பேரைக் கொஞ்சம் சொல்லிக்குடுங்க" என்பேன். அவர்கள் சொல்லித்தர நீ திருப்பிச் சொல்வாய். என் பெயரைச் சொல்லித்தர எனக்குத் தோன்றவே இல்லை. அதைச் சொல்ல எந்தத் தடையும் கிடையாது, யார் ஆயுசும் குறையாது. ஆனால் அந்த வீட்டில் அந்தப் பெயர் யாருக்கும் தேவைப்படவில்லை. உன் அப்பாவுக்கு நான் "ஏ புள்ள." சந்துக்கு நான் "வள்ளி அம்மா." நூல் வெட்டுவதற்குச் சட்டைகளைக் கட்டுக் கட்டாகக் கொண்டுவந்து போடுகிற ஆளுக்கு நான் அண்ணி முறையில் "பாபி." அவர் பெயரை நான் சொல்லாதது மரியாதையினால். என் பெயரை யாரும் சொல்லாதது மறதியினால். இரண்டும் ஒன்று போலத் தெரியும், ஒன்றில்லை.

அதற்குப் பிறகு வளர்ந்த பொறாமைக்குக் கணக்கில்லை. வாரத்தில் ஆறு நாள் நான் உன்னை எழுப்பி, குளிக்கவைத்து, சடை பின்னி, வீட்டுப்பாடத்துக்கு அடித்து, காய்ச்சலுக்கு முழித்திருப்பேன். ஏழாவது நாள் உன் அப்பா சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு உன்னைத் தாதர் சௌபாட்டிக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போவார். உதடெல்லாம் சிவப்பாக, ஐஸ் கோலா தின்றுவிட்டு இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே வருவீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் ஒரு காரியம் செய்தேன். உன் அப்பா காலையில் சவரம் செய்துகொள்ளப் போனபோது, "அப்பாவுக்கு இன்னைக்கு ஓவர்டைம், வர மாட்டாங்க" என்று உன்னிடம் சொன்னேன். அவர் திரும்பி வரும் வழியிலேயே மறித்து, "பிள்ளைக்கு உடம்பு கொதிக்குது, இன்னைக்கு வேண்டாம், நீங்க போயி சிநேகிதக்காரங்களப் பாத்துட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டேன். ஒரே ஒரு ஞாயிறு நீ என்னோடு இருப்பாய் என்று ஆசை. அல்வாகூடக் கிண்டினேன். நீ தொடவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்தவள் சாயங்காலம் வரை எழுந்திருக்கவில்லை. "ஓவர்டைம் முடிஞ்சு வந்துருவாங்க" என்று நீ என்னையே தேற்றினாய். அந்த அல்வாவை நானே தின்று தீர்த்தேன். இன்று வரை உன் அப்பாவுக்கு இது தெரியாது. நீயும் சொல்லாதே.

முதல் சம்பளத்தில் அவருக்குக் கைக்கடிகாரம் வாங்கிக்கொடுத்தாய். எனக்குக் குக்கர். நல்ல குக்கர்தான், இன்றைக்கும் அதில்தான் சோறு வைக்கிறேன். ஆனால் அது எனக்கு வாங்கியதா, வீட்டுக்கு வாங்கியதா என்று அன்றே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. கேட்காமல் உள்ளே வைத்துக்கொண்டதுதான் நான் செய்த தவறுகளிலேயே பெரியது. நீ அப்படி இருக்காதே. நிகிலிடம் ஏதாவது வேண்டும் என்றால் வாயைத் திறந்து கேள். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அவனாகக் கண்டுபிடிக்கட்டும் என்று உட்கார்ந்தால், முப்பத்திரண்டு வருஷம் உட்கார வேண்டியதுதான். உனக்கு அந்தக் கஷ்டம் இருக்காது என்றும் தெரியும். கல்யாணத்துக்கு வந்த அத்தனை பேருக்கும் முன்னால் "நிகில், இங்க வாடா" என்று கூப்பிட்டவள் நீ. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரிந்தது, அதுவும் பொறாமை என்று.

உன் போன் வந்ததற்கு மூன்றாம் நாள், உன் அப்பா செம்பூரிலிருந்து ஒரு கிலோ பேடா வாங்கிவந்து பில்டிங் முழுக்கக் கொடுத்தார். "எம்பேரு கனடாவுல இருக்கப்போவுது" என்று ஒவ்வொரு கதவாகச் சொன்னார். கடைசிப் பேடாவை எனக்கு நீட்டியபோது எனக்குத் தாங்கவில்லை. "ஏங்க, எம்பேரு என்ன? சொல்லுங்க பாப்போம்" என்றேன். மனுஷன் நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். "இதென்ன புள்ள கேள்வி, எனக்குத் தெரியாதா?" என்றார். "தெரிஞ்சா சொல்லுங்க" என்றேன். காதெல்லாம் சிவந்துவிட்டது. சட்டைப் பையைத் தடவினார், ஜன்னலைப் பார்த்தார். "அதான் கல்யாணப் பத்திரிகையில போட்டிருக்குல்லா" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். அவர் கெட்டவர் இல்லை, வள்ளி. இரண்டு பட்டறை மாறி, கண் பார்வை குறைகிற வரைக்கும் நமக்காகத் தைத்தவர். பெயரைச் சொல்ல வெட்கம், அவ்வளவுதான். ஆனால் வெட்கப்படுகிறவர் பெயர் கனடா வரைக்கும் போகிறது. என் பெயர் பீரோவுக்குள் ஒரு பழைய பத்திரிகையில் கிடக்கிறது.

சரி, உனக்கு என்னதான் வேண்டும் என்று கேட்பாய். முதல் மூன்று நாள் என் பெயரைப் போடச் சொல்லத்தான் நினைத்தேன். நீயும் போடுவாய், நான் கேட்டால் மறுக்க மாட்டாய். பிறகு என் மெய்டன் நேம் என்ன என்று யோசித்தேன். என் அப்பா பெயர். என் அம்மாவின் மெய்டன் நேம் என்ன என்று யோசித்தேன். என் தாத்தா பெயர். எவ்வளவு தூரம் தோண்டிப் பார்த்தாலும் ஓர் ஆம்பிளைதான் உட்கார்ந்திருக்கிறார். தாய் பெயர் என்று சொல்லிவிட்டு, தாயைப் பெற்ற அப்பன் பெயரை எழுதினால் தாய் எங்கே போனாள்? நிகில் என்ன சொன்னான்? நடுவில் உன் பெயர் இருக்கட்டும் என்றான். உன் அப்பா பெயர் என்று அவன் சொல்லவில்லை. நீ பிறந்த அன்றைக்கு உனக்கென்று வைத்த பெயர் வள்ளி. அதை வைத்தவள் நான். உன் அப்பா வேறு ஒன்று சொன்னார், நான் விடவில்லை. அந்த ஒரு விஷயத்தில்தான் நான் ஜெயித்தேன்.

அதனால் வள்ளி என்று போடு. மீரா வள்ளி கதம். அந்தக் குழந்தை நாளைக்கு அந்த ஊரில் ஏதோ பெரிய கடையில் உன் கையை விட்டுத் தொலைந்துபோய், யாராவது குனிந்து அம்மா பெயர் என்ன என்று கேட்டால், "அம்மா" என்று சொல்லிக்கொண்டு நிற்கக் கூடாது. அதற்குப் பேச்சு வந்ததும் முதல் பாடமாக உன் பெயரைச் சொல்லிக்கொடு. பக்கத்து வீட்டு அக்கா யாரும் வேண்டாம், நீயே சொல்லிக்கொடு. என் பெயர் இல்லையே என்று எனக்கு வருத்தம் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன், இருக்கிறது. ஆனால் உன் அப்பா பெயரும் இல்லை என்று நினைக்கும்போது அதில் பாதி குறைந்துவிடுகிறது. அவருக்கு நீ எப்படிச் சொல்வாயோ, அது உன் பாடு. பேடா கொடுத்த வீடுகளுக்கு அவர் பதில் சொல்லிக்கொள்வார்.

இவ்வளவும் எழுதிவிட்டு, மீரா வள்ளி கதம் என்பது காதுக்கு எப்படி இருக்கிறது என்று சமையலறையில் நின்று சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். ஒரு தடவை இல்லை, நாலைந்து தடவை. எங்கேயும் தடுக்கவில்லை, வாய் நிறைய வந்தது. அதற்குள் உன் அப்பா மேலே வந்துவிட்டார். செருப்பைக் கழற்றிக்கொண்டே, "யாரக் கூப்பிடுதே?" என்றார்.

"உங்க பேத்தியத்தான்" என்றேன்.

"நடுவுல எம்பேர விட்டுட்டியே, புள்ள?" என்றார்.

"உங்க பேர நான் சொல்லக் கூடாதுல்லா" என்றேன்.

அம்மா